அப்படியில்லையாரும் இரண்டு விரல் கையும்

உலகத்தில் பெயர் வைக்கப்படாமல் திரியும் பிராணி இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. யாரும் முன்வராததால் நானே வைத்துவிட்டேன்: அப்படியில்லையார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் வைத்த பெயர்தானே என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். மற்றவர்கள் புத்தகத்தைப் புரட்டிய வயதில் நான் ஆட்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பாடத்தில் என்னை மிஞ்ச இனி ஒருவன் பிறந்துதான் வரவேண்டும்.

அப்படியில்லையாரை அடையாளம் காண்பது ரொம்பச் சுலபம். அவர் பக்கத்தில் நின்று வாயைத் திறந்து எதையாவது சொல்லுங்கள். "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி" என்று சொல்லுங்கள், போதும். முதலில் ஒரு கனைப்பு கேட்கும். தலை ஒரு பக்கமாகச் சாயும். மூக்குக்கண்ணாடி அரை அங்குலம் கீழே இறங்கும். பிறகு வரும் பாருங்கள்: "அது அப்படி இல்லீங்க. வெயில் நேத்துதான் ஜாஸ்தி. இன்னைக்கு இருக்கிறது புழுக்கம்." பல் வைத்தியரிடம் போனால் பல் எங்கே வலிக்க வேண்டும் என்று வைத்தியருக்கே சொல்லித் தருவார். கல்யாண வீட்டில் பத்திரிகையை வாங்கியதும் தேதியைப் பார்க்க மாட்டார், எழுத்துப் பிழையைப் பார்ப்பார். துக்க வீட்டுக்குப் போவார், மாலை போடுவார், கண்ணைத் துடைத்துக்கொள்வார், "எழுபத்தாறு வயசு, நல்லா வாழ்ந்துட்டாரு" என்று விம்முகிற பெண்மணியின் காதருகே குனிந்து, "அது அப்படி இல்லீங்க, எழுபத்தஞ்சு முடிஞ்சு எழுபத்தாறு நடப்பு" என்பார். அந்த அம்மாள் இறந்தவரின் மனைவி!

இந்தப் பிராணி உங்கள் தெருவில் இருந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். அலுவலகத்தில் இருந்தால் மாற்றல் கேட்கலாம். சம்பந்தியாக வாய்த்தால்? பட்டறைக்காரருக்கு அப்படித்தான் வாய்த்தது.

பட்டறைக்காரர் கண்ணாடி இழையில் பெரிய பெரிய பொம்மை செய்பவர். பல் மருத்துவமனை வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பல் துலக்கும் பிரஷ் நிற்கிறதே, அவர் செய்தது. பால் கடைக் கூரைமேல் நின்று நாலு தெருவையும் முறைக்கும் பசுமாடு, அவர் செய்தது. ஐஸ்கிரீம் கடை ஒன்றுக்கு நாற்பது கோன் செய்து, கடைக்காரர் முப்பத்தெட்டோடு போதும் என்றுவிட, மீதி இரண்டு பட்டறை மூலையில் கவிழ்ந்து கிடந்தன. இருபத்தாறு வருஷமாக இத்தனை செய்தும் ஒன்றிலாவது அவர் பெயர் உண்டா? பசுவின் வயிற்றில்கூடப் பால் கடையின் பெயர்தான். ஊருக்கு அவர் 'பொம்மைக்காரர்'.

அப்படிப்பட்டவருக்கு அருங்காட்சியகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'வேட்டையாடும் பெரிய டைனோசர் - ஒன்று. நீளம் நாற்பது அடிக்குள். எங்கள் தலைவி நேரில் பார்த்து ஏற்றுக்கொண்டால் வாசலில் நிறுவப்படும். அடியில் செய்தவர் பெயருடன் பித்தளைத் தகடு பதிக்கப்படும்.' பட்டறைக்காரர் கடைசி வரியை மட்டும் பதினோரு தடவை படித்தார். பொம்மைக்காரர் என்ற பட்டம் அந்தத் தகட்டோடு ஒழிந்தது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

மூன்று மாதத்தில் நாற்பதடிக்கு டைனோசர் எழுந்து நின்றது. நிமிர்ந்த முதுகு, தரையில் புரளும் வால், ஆ என்று பிளந்த வாய், வயிற்றுக்குள் ஒரு ஒலிப்பெட்டி. பொத்தானை அமுக்கினால் சிங்கம் கர்ஜிக்கும். தலைவி வருவது வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சம்பந்தி வந்தார்.

சம்பந்தி ஓய்வு பெற்ற எடை அளவு ஆய்வாளர். முப்பத்தோரு வருஷம் கடை கடையாக ஏறி, தராசைத் தூக்கிப் பார்த்து, படியைக் கவிழ்த்துப் பார்த்து, "அது அப்படி இல்லையே" என்று சொல்வதற்காகவே அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. ஓய்வு பெற்றதும் சம்பளம் நின்றது, வாக்கியம் நிற்கவில்லை. வீட்டில் சொல்லிப் பார்த்தார், சம்பந்தியம்மாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். தெருவில் சொல்லிப் பார்த்தார், தெரு காலியாகிவிட்டது. ஒருநாள் முடிதிருத்தகத்தில் முறைக்காகக் காத்திருந்தபோது கைப்பேசியில் டைனோசர்களைப் பற்றி ஒரு படம் ஓடியது. அடுத்த ஒரு வாரம் அவர் சோறு தண்ணி பார்க்கவில்லை. உலகம் முழுவதும் டைனோசரைத் தப்பாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது என்ற செய்தி அவருக்கு அமிர்தமாக இருந்தது. இத்தனை கோடிப் பேர் ஒரே சமயத்தில் தப்பு! ஒரு ஆய்வாளருக்கு வேறென்ன வேண்டும்?

ஒன்று சொல்கிறேன். அந்தப் பெரிய வேட்டை டைனோசரும் அப்படியில்லையாரும் ஒரே வார்ப்பு. அதற்கு இரண்டு கண்ணும் முன்னால் பார்த்திருக்கும், இரை எத்தனை அடி தூரத்தில் நிற்கிறது என்று துல்லியமாகக் கணக்குப் போட, இவருக்கும் அப்படியே. அதற்கு மோப்பம் அதிகம். இவர் பிழையைப் பக்கத்துத் தெருவிலிருந்தே முகர்வார். அதற்கு ஒரு பல் விழுந்தால் அடியில் இன்னொன்று தயாராக முளைத்துக்கொண்டிருக்கும். இவருடைய ஒரு வாதத்தை நீங்கள் உடைத்தால் அடியில் இன்னொன்று தயார். வளர்ந்த பிறகு அது தலைதெறிக்க ஓடாது, எட்டி எட்டி நடக்கும். இவரும் ஓடுவதில்லை. ஓடுவானேன்? சம்பந்தி எங்கே தப்பித்துப் போய்விட முடியும்?

அன்று காலையே மகள் போனில் எச்சரித்திருந்தாள். "அப்பா, மாமா அங்கதான் வர்றாரு. எது சொன்னாலும் தலையாட்டிடுங்க. அவர் மனசு நோகிற மாதிரி ஒரு வார்த்தை விட்டுடாதீங்க. இங்க அவர் வீட்ல குடித்தனம் பண்றது நான்."

பட்டறைக்காரர் தலையாட்டத் தயாராகவே நின்றார்.

"வாங்க சம்பந்தி, வாங்க. எப்படி இருக்கு நம்ம டைனோசர்?"

கனைப்பு. தலை சாய்ந்தது. கண்ணாடி இறங்கியது.

"அது அப்படி இல்லீங்க சம்பந்தி."

"எது?"

"எல்லாமே. வாலைத் தரையில இழுத்துக்கிட்டு அது நடக்காது. முதுகு படுக்கையா இருக்கணும், வால் பின்னாடி நீட்டமா நிக்கணும். முன்னாடி தலை ஒரு தட்டு, பின்னாடி வால் ஒரு தட்டு, நடுவுல இடுப்புதான் முள்ளு. தராசு சம்பந்தி, தராசு!"

பட்டறைக்காரர் ஏதாவது சொல்லியிருப்பார். ஆனால் பட்டறையில் சாயம் பூசும் பெயிண்டர் அக்கா தன்னுடைய கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு அவர் காதோரம் வந்து, "மொதலாளி, அந்த மனுஷன் சொல்றது சரிதான்" என்று முணுமுணுத்துவிட்டாள்.

இங்கேதான் இந்தப் பிராணியின் விஷம் இருக்கிறது. அப்படியில்லையார் எப்போதுமே தப்பாகப் பேசினால் கை தட்டி விரட்டிவிடலாம். பத்துக்கு ஒன்று சரியாகச் சொல்லித் தொலைப்பார். அந்த ஒன்றுக்குப் பயந்து மீதி ஒன்பதையும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை முழுவதும் பட்டறை வெல்டர் இடுப்பை அறுத்து, முதுகைச் சாய்த்து, வாலைத் தூக்கினார். தூக்கிய வால் பின்சுவரில் போய் முட்டியது. சுவரை இடிக்க முடியாது. வால் நுனியில் இரண்டடியை நறுக்கி மூடி போட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சம்பந்தி காலையிலேயே வந்து ஒரு நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்தார். பொத்தானை அமுக்கினார். சிங்கம் கர்ஜித்தது.

"அது அப்படி இல்லீங்க. அது வாயைப் பிளந்து கத்தியிருக்காது. வாயை மூடிக்கிட்டு அடித்தொண்டையில உறுமியிருக்கும்னு சொல்றாங்க. கேக்குறதுக்கு முன்னாடி நெஞ்சுல அதிரணும்."

"அந்தச் சத்தத்துக்கு நான் எங்க போவேன் சம்பந்தி?"

பெயிண்டர் அக்கா அதற்கு வழி வைத்திருந்தாள். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்காரர் பலகைமேல் சாய்ந்தபோது தலைமாட்டில் கைப்பேசியை வைத்தாள். அரைமணி நேரக் குறட்டையைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு ஒலிப்பெட்டிக்குள் ஏற்றினாள். சாயங்காலம் பொத்தானை அமுக்கியதும் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. சம்பந்தி எழுந்தே நின்றுவிட்டார்.

"இதுதான்! இதேதான்! எங்கம்மா பிடிச்ச இந்தச் சத்தத்தை?"

"பக்கத்துலதான் ஐயா. இன்னும் உயிரோட இருக்கிற ஒண்ணுகிட்ட" என்றாள் பெயிண்டர் அக்கா, முதலாளி பக்கம் திரும்பாமல்.

அதோடு விட்டாரா? உதடு வேண்டும் என்றார், வாயை மூடினால் பல் வெளியே தெரியக்கூடாதாம். பிளந்த வாயை மூடி உதடு வைத்தார்கள். பிடரியில் இறகு இருந்திருக்கலாம் என்றார். எத்தனை என்று கேட்டதற்கு, "அது யாருக்கும் தெரியாது, ஆனா சரியா வைக்கணும்" என்றார். நார்த் துடைப்பம் நாலை உதிர்த்து ஒட்டினார்கள். அசையாமல் நின்றால் அதன் கண்ணுக்கு நாம் தெரியமாட்டோம் என்று வெல்டர் எங்கேயோ கேட்டதைச் சொல்ல, அது அப்படி இல்லை என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். வெல்டர் அந்த முக்கால் மணி நேரமும் அசையாமல்தான் நின்றார். ஒன்றும் பலிக்கவில்லை.

புதன்கிழமை சம்பந்தியால் வர முடியவில்லை. பேருந்தில் வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் லாரி பேசப் போயிருந்தார், கைப்பேசியைச் சார்ஜில் போட்டுவிட்டு. பெயிண்டர் அக்கா சாயம் வாங்கப் போயிருந்தாள். கைப்பேசி அடித்தது. வெல்டர் எடுத்தார்.

"யாரு, வெல்டரா? மொதலாளிகிட்ட ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்யா. கையில மூணு விரல் வச்சிருக்கீங்க, பார்த்தேன். அது அப்படி இல்லை. கை ரெண்டு விரல்தான் இருக்கணும்."

பேருந்து இரைச்சலில் முதல் பாதி போய்விட்டது. கடைசி வாக்கியம் மட்டும் கணீரென்று வந்து விழுந்தது.

"கை ரெண்டு விரலா?"

"ரெண்டே ரெண்டு விரல். அதுக்கு மேல இருந்தா நம்ம மானம் போயிடும்!"

"ரொம்பச் சின்னதா இருக்குமே ஐயா?"

"சின்னதுதான்யா! அந்த உடம்புக்குக் கை சின்னதுதான். அதுதானே அதிசயமே!"

வெல்டர் கைப்பேசியை வைத்தார். தன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு, தொழில் தெரிந்த மனிதர் அல்லவா, ஆள் கை நீளத்துக்கு இருந்த இரண்டு கையையும் தோளோடு அறுத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு விரற்கடை நீளத்துக்கு இரண்டு முண்டுகளை வார்த்து, தேய்த்து, மெருகேற்றி, தூசி படாமல் முழு மிருகத்தையும் தார்ப்பாயால் மூடினார். பட்டறைக்காரர் திரும்பி வந்ததும், "சம்பந்தி ஐயா பேசினாரு மொதலாளி. கை ரெண்டு விரல்னாரு. முடிச்சாச்சு" என்றார்.

இரண்டு விரல் என்பது பட்டறைக்காரரும் பெயிண்டர் அக்காவின் கைப்பேசியில் பார்த்ததுதான். "நல்லது" என்று தார்ப்பாயைத் தட்டிக்கொடுத்தார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அருங்காட்சியகத் தலைவி வந்தார். நரைத்த முடி, தோளில் தோல் பை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. சம்பந்தியும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றார். பட்டறைக்காரர் தார்ப்பாயை இழுத்தார். பெயிண்டர் அக்கா பொத்தானை அமுக்கினாள்.

குறட்டை எழுந்தது. ஜன்னல் நடுங்கியது. படுக்கை முதுகு, நீட்டிய வால், மூடிய உதடு, பிடரியில் துடைப்பம். எல்லாம் அபாரம். நெஞ்சில் மட்டும் அலமாரிக் குமிழ் மாதிரி இரண்டு.

குறட்டைதான் பேசிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது?" என்றார் பட்டறைக்காரர், உதடு அசையாமல்.

"ரெண்டு விரல் மொதலாளி. சந்தேகம்னா அளந்துக்கங்க" என்று வெல்டர் தன் இரண்டு விரலை முண்டின் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மயிரிழை பிசகில்லை.

சம்பந்தியின் முகம் சாயம் போன துணி மாதிரி ஆகிவிட்டது. முப்பத்தோரு வருஷம் அளவு பார்த்தவர், அளவா எண்ணிக்கையா என்று தெரியாதபடி ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டார்!

தலைவி கேட்டார். "யார் சொல்லிக் கொடுத்தது இந்தக் கையை?"

பட்டறைக்காரருக்கு விரல் துடித்தது. ஒரே ஒரு விரல் போதும், பக்கத்தில் நிற்கும் இஸ்திரிச் சட்டையைச் சுட்டிக்காட்ட. இருபத்தாறு வருஷம், மூன்று மாதம், பித்தளைத் தகடு எல்லாம் அந்த விரல் நுனியில் நின்றன. மகள் குரலும் காதில் நின்றது. அவர் விரலை மடக்கிக்கொண்டார்.

"நான்தாம்மா சொன்னேன். தப்பு என்னோடது."

அப்போது ஒரு கனைப்பு கேட்டது.

"அது அப்படி இல்லீங்க" என்றார் சம்பந்தி.

பட்டறைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். இந்த நேரத்திலுமா?

"தப்பே இல்லீங்க. நீங்க இரண்டு விரல் இனத்தை மனசுல வச்சுக்கிட்டுப் பாக்கறீங்க. அதுக்கே கை சின்னது. அதைவிடக் குட்டைக் கையோட ஒரு வேட்டை இனம் உண்டு. முன்னங்கைன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது, தோள்ல ஒட்டிவச்ச மாதிரி இருக்கும். நீங்க கடிதத்துல இனம் எழுதலையே? 'வேட்டையாடும் பெரிய டைனோசர் ஒன்று'ன்னுதானே எழுதியிருக்கீங்க?"

தலைவியின் தலை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சங்கிலிக் கண்ணாடி மூக்கில் ஏறி, அரை அங்குலம் கீழே இறங்கியது. பெயிண்டர் அக்கா வெல்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஐயோ, இதுவும் அதே இனம்யா!"

"அது அப்படி இல்லை சார்" என்றார் தலைவி. "நீங்க சொல்றதுக்குக் கண்ணுக்கு மேல ரெண்டு கொம்பு இருக்கும். எங்க கொம்பு?"

"கொம்பு வரும்மா, இன்னும் ஒட்டலை. மூக்கு எலும்பு மட்டும் கவனிச்சீங்களா?"

"மூக்கு இருக்கட்டும். அதுக்கு இறகே கிடையாது, தோல் பதிஞ்ச கல்லே கிடைச்சிருக்கு. இது என்ன கழுத்துல துடைப்பம்?"

"அதுவும் எடுக்கத்தான் போறோம். ஆனா நீங்க 'அதுக்கு'ன்னு பொதுவாச் சொல்றது அப்படி இல்லீங்க..."

பெரிய வேட்டை டைனோசர் இரண்டு நேருக்கு நேர் வந்தால் ஒன்றின் முகத்தை ஒன்று கவ்விக் கடிக்குமாம்; மண்டையோட்டில் ஆறிப்போன தழும்பு இருக்கிறதாம். அன்றைக்குப் பட்டறையில் தழும்பு விழாதது ஒன்றுதான் குறை. மூக்கில் தொடங்கி, தொடை எலும்பு வழியாக, செத்ததைத் தின்னுமா கொன்று தின்னுமா என்பதில் சிக்கி, "இரண்டும் தின்னும்" என்று ஒத்துப்போய், ஒத்துப்போனது இரண்டு பேருக்குமே பிடிக்காமல் மறுபடி தொடங்கினார்கள். தாகம் எடுத்தால்கூட ஒருவர் குடிக்கும்போது மற்றவர் பேசினார். இரண்டு பேர் முகத்திலும் ஒரு ஒளி. எத்தனை வருஷமாகத் தனக்கு ஈடான வாய்க்கு ஏங்கினார்களோ!

அந்த இரண்டரை மணி நேரத்தில் பெயிண்டர் அக்கா துடைப்பம் அத்தனையும் பிடுங்கினாள். வெல்டர் மூலையில் கிடந்த ஐஸ்கிரீம் கோன் இரண்டையும் தூசி தட்டி, கட்டம் போட்ட கோடுகளைத் தேய்த்து, கண்ணுக்கு மேலே பதித்தார். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தன. சாயம் பூசினாள். தலைவி மூச்சு வாங்கத் திரும்பியபோது முப்பத்தெட்டு அடிக் கொம்பன் ஒன்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கொம்பு சரி" என்றார். "ஆனா இந்த இனம் முப்பதடியே அதிகம்."

"நல்ல சாப்பாடும்மா இங்க" என்றாள் பெயிண்டர் அக்கா.

தலைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கை இவ்வளவு குட்டையா இருக்காது. ஒரு முழமாவது வையுங்க. ஏத்துக்கறேன்."

வெல்டர் ஒரு எட்டு பின்னால் போனார். "யாரு முழம்மா? உங்க முழமா, இவரு முழமா, என் முழமா? எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இனிமே விரல், முழம், சாண்னு யார் சொன்னாலும் நான் அறுக்கிறதா இல்லை."

சம்பந்தி பையிலிருந்து அரசாங்க முத்திரை போட்ட அளவு நாடாவை எடுத்து வெல்டர் கையில் வைத்தார்.

மறு வாரம் கொம்பன் வாசலில் ஏறியது. குறட்டை கேட்டுக் குழந்தைகள் அலறிக்கொண்டு ஓடி, திரும்ப வந்து பொத்தானை அமுக்கின. பித்தளைத் தகட்டில் 'செய்தவர்' என்று பொறித்துக் கீழே பட்டறைக்காரரின் பெயர். அவர் அதைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார். பின்னால் கனைப்பு கேட்டது.

"அது அப்படி இல்லீங்க சம்பந்தி."

"இதுல என்ன?"

"'செய்தவர்' இல்லை. 'செய்தவர்கள்'."

பட்டறைக்காரர் திரும்பிப் பார்த்தார். சற்றுத் தள்ளி வெல்டரும் பெயிண்டர் அக்காவும் கொம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்துக்கு ஒன்று என்றேனே, அந்த ஒன்று. தகடு திரும்பப் பட்டறைக்குப் போய் மூன்று பெயரோடு வந்தது. நாலாவதாகத் தன் பெயரையும் போடலாமே என்று சம்பந்தி கேட்கவில்லை. எழுத்து அளவு சரியில்லை என்று மட்டும் சொன்னார்.

ஆகவே வாசகரே, அப்படியில்லையாரைக் கண்டால் ஜாக்கிரதை. அவர் எங்கேயும் இருக்கலாம். ரொம்பப் பக்கத்தில்கூட இருக்கலாம். ஒரு சின்னப் பரீட்சை வைக்கட்டுமா? மூன்று மாதத்தில் நாற்பதடிக்கு எழுந்து நின்றது என்று மேலே எழுதினேன். பிற்பாடு முப்பத்தெட்டு அடி என்று எழுதினேன். அந்த இடம் வந்ததும் உங்கள் தொண்டை லேசாகக் கனைத்ததா? தலை ஒரு பக்கம் சாய்ந்ததா? படிக்காத கிழவன் கணக்கில் கோட்டைவிட்டான் என்று கண்ணாடி அரை அங்குலம் கீழே இறங்கியதா?

அது அப்படி இல்லீங்க. வால் நுனியில் இரண்டடி நறுக்கினார்களே, மறந்துவிட்டீர்களா?